வான் ஏறிவிடும், மூச்சு பின்னால்தான் வரும்

பெரியப்பாவுக்கு 74 வயது. இன்றைக்கும் காலையில் சைக்கிளில் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தைக்குப் போய் மரக்கறி வாங்கி வருகிறவர். முழங்கால் நோ கிடையாது. பிரஷருக்கு ஒரு குளிசை, அவ்வளவுதான். இலங்கையின் மிக உயர்ந்த மலையான பீதுருதாலகாலையின் உச்சியில் வான் நின்றதும் முதல் ஆளாக இறங்கி, பின்னால் வருகிறவர்களைப் பார்க்காமல் விறுவிறுவென்று நடந்தார். இருபது அடி போயிருப்பார். சட்டென்று நின்று, கையை இடுப்பில் ஊன்றிக்கொண்டு திரும்பினார்.

"என்னடா தம்பி, இஞ்சை காத்தே இல்லையோ?"

"காத்து இருக்குப் பெரியப்பா. ஐதாக் கிடக்கு."

அந்த 'ஐது' என்றால் என்ன, வயதானவர்களுக்கு அதனால் என்ன வரும், அதற்காகப் பயணத்தையே விட்டுவிட வேண்டுமா என்பதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

யாழ்ப்பாணத்தில் பிறந்து வளர்ந்த எங்களுக்கு உயரம் என்றால் பனைமரம், அதற்கு மேல் நல்லூர்க் கோபுரம். மலை என்று பெயர் வைத்திருப்பது கீரிமலை. அங்கே போய் மலையைத் தேடினால் கடல்தான் கிடைக்கும். கடல் மட்டத்திலிருந்து சில மீற்றர் உயரத்திலேயே ஆயுள் முழுவதும் மூச்சு விட்ட சனம் நாங்கள். இப்போது வயது போனவர்கள் மலைக்குப் போவது கூடியிருக்கிறது. குடும்பமாக வான் பிடித்து நுவரெலியா போகிறார்கள். சுவிஸில் பிள்ளைகள் இருக்கிறவர்களுக்கு விசா கிடைத்துவிட்டால், போன வேகத்திலேயே பனிமலைக்கு ரயில் ஏற்றிவிடுவார்கள். "நடக்கத் தேவையில்லை அம்மா, ரயிலே உச்சியில கொண்டுபோய் விடும்" என்று மகன் சொல்லுவார். நடக்கத் தேவையில்லை என்பது சரி. மூச்சு விட வேண்டுமே.

வயல்கரையில் குவித்து வைத்த வைக்கோல் போரைக் கண்டிருப்பீர்கள். மேலே கிடக்கும் வைக்கோலைக் கையால் அளைந்து எடுக்கலாம். அடியில் கிடப்பதை இழுத்தாலும் வராது. மேலே உள்ள பாரம் முழுவதும் அதன்மேல் இருந்து அமுக்கியிருக்கும். காற்றும் அப்படித்தான். காற்றுக்கும் பாரம் உண்டு. யாழ்ப்பாணத்தில் நாங்கள் நிற்பது அந்தப் போரின் அடியில், நன்றாக அமுங்கிய காற்றில். மலையில் ஏற ஏற, தலைக்கு மேலே உள்ள காற்றின் பாரம் குறைகிறது. அதனால் சுற்றியுள்ள காற்றும் தளர்ந்து விரிகிறது.

பலர் நினைப்பதுபோல மேலே 'ஒக்சிசன் இல்லாத காற்று' இருப்பதில்லை. கீழே காற்றில் நூற்றுக்கு 21 பங்கு ஒக்சிசன் என்றால் உச்சியிலும் அதே 21தான். பங்கு மாறவில்லை, அமுக்கம்தான் குறைந்திருக்கிறது. ஒரு மூச்சில் நெஞ்சுக்குள் போகிற காற்றின் அளவே குறைவு. அதற்கேற்ப ஒக்சிசனும் குறைவு.

இதைக் கண்ணால் பார்க்க ஒரு மிக்சர் பக்கற் போதும். நாங்கள் யாழ்ப்பாணத்தில் வாங்கி வானின் பின்சீற்றில் போட்டிருந்த பக்கற், கண்டி தாண்டும்போது கொஞ்சம் உப்பியிருந்தது. றம்பொடை வளைவுகளில் ஏறும்போது இன்னும் பொருமியது. பீதுருதாலகாலை உச்சியில் அது காற்றடித்த தலையணை மாதிரி இறுகி நின்றது. விரலால் தட்டினால் மேளம்போலச் சத்தம். பிள்ளைகள் ஆளுக்கு ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தார்கள். உள்ளே அடைபட்டிருந்தது யாழ்ப்பாணத்துக் காற்று. வெளியே அதை அமுக்கிப் பிடிக்க ஆள் குறைந்துவிட்டது. அதுதான் விஷயம்.

யாழ்ப்பாணத்தில் ஒரு மூச்சில் கிடைக்கும் ஒக்சிசனை 100 என்று வையுங்கள். ஏறத்தாழ 500 மீற்றர் உயரமுள்ள கண்டியில் அது 94 அளவில் இருக்கும். உங்களுக்குத் தெரியவே தெரியாது. 1,868 மீற்றரில் இருக்கும் நுவரெலியாவில் 80. 2,524 மீற்றர் உயரமுள்ள பீதுருதாலகாலை உச்சியில் 74. சுவிஸில் எல்லோரும் போகிற யுங்ஃபிராவ்யொக் நிலையம் 3,454 மீற்றரில் இருக்கிறது. அங்கே ஏறத்தாழ 65. யாழ்ப்பாணத்தில் மூன்று மூச்சில் கிடைப்பதற்கு அங்கே நாலரை மூச்சுக்கு மேல் விட வேண்டும்.

உடம்பு இதற்கு என்ன செய்யும்? கொஞ்ச நேரத்துக்குள் இரண்டு வேலை செய்யும். மூச்சைக் கூட்டும், இதயத்தை வேகமாக அடிக்க வைக்கும். இருந்த இடத்தில் இருந்தால் இவை இரண்டும் பெரும்பாலானோருக்குப் போதும். எழுந்து நடந்தால், அதிலும் படி ஏறினால், தசைகள் இன்னும் கேட்கும். அங்கேதான் தட்டுப்பாடு தெரியும். இரண்டு மூன்று நாள் தங்கினால் சிறுநீரகமும் சேர்ந்து இரத்தத்தின் தன்மையைச் சரிக்கட்டி, மூச்சை இன்னும் கூட்ட வழிவிடும். இரத்தத்தில் சிவப்பணு கூடுவதற்குக் கிழமைகள் ஆகும். காலையில் ஏறிப் பின்னேரம் இறங்குகிறவருக்கு முதல் இரண்டு வேலைகள்தான் துணை. மற்றவை தொடங்கும்போது அவர் கீழே தேத்தண்ணி குடித்துக்கொண்டிருப்பார்.

கால்நடையாக ஏறுவதற்கும் வாகனத்தில் ஏறுவதற்கும் உள்ள வித்தியாசம் இங்கேதான் வருகிறது. சிவனொளிபாதமலை 2,243 மீற்றர். வீதியும் இல்லை, ரயிலும் இல்லை, ஆயிரக்கணக்கான படிகள். இதயம் சரியில்லாதவரை அந்தப் படிகளே பாதியில் உட்கார வைத்துவிடும். மலை ஒவ்வொரு படியிலும் உங்களைக் கேட்டுத்தான் மேலே விடுகிறது. வாகனம் ஒன்றும் கேட்பதில்லை. கதிரையில் இருத்தி, பாட்டுப் போட்டு, நித்திரையாக்கி, உச்சியில் கொண்டுபோய் எழுப்பிவிடும். நெஞ்சுக்கு முதல் சோதனையே உச்சியில்தான் நடக்கிறது. பெரியப்பாவின் இருபது அடி அதுதான்.

ரயில்களிலும் ஆறுதலானது, அவசரக்காரன் என்று இரண்டு வகை உண்டு. தமிழ்நாட்டு நீலகிரி மலை ரயில் மேட்டுப்பாளையத்திலிருந்து உதகமண்டலத்துக்கு 46 கிலோமீற்றர் தூரத்தில் ஏறத்தாழ 1,900 மீற்றர் ஏறுகிறது. அதற்கு ஐந்து மணித்தியாலம் வரை எடுக்கும். செங்குத்தான பகுதியில் தண்டவாளத்தின் நடுவே பல்லுள்ள இரும்புச் சட்டம் இருக்கும். எஞ்சினின் பல்சக்கரம் அதைக் கவ்விக் கவ்வி ஏறும். வழுக்காமல் செங்குத்தில் ஏறுவதற்கான ஏற்பாடு இது. ஐரோப்பாவில் இந்த முறையில் முதலில் ஏறியது 1871இல் திறந்த சுவிஸ் ரிகி மலை ரயில்.

யுங்ஃபிராவ் ரயிலும் பல்சக்கர ரயில்தான். 1896இல் வேலை தொடங்கி, ஐகர், மொன்ஷ் மலைகளின் வயிற்றைக் குடைந்து, 1912இல் மேலே போய்ச் சேர்ந்தது. 2020 டிசம்பரில் ஐகர் எக்ஸ்பிரஸ் என்ற கேபிள் கார் வந்தது. கிரின்டெல்வால்ட் பக்கமிருந்து 15 நிமிடத்தில் 2,320 மீற்றருக்குத் தூக்கிவிடும். அங்கே ரயிலுக்கு மாறினால் இன்னும் அரைமணிக்குள் 3,454. நீலகிரி ரயில் ஐந்து மணித்தியாலத்தில் ஏறுவதைவிட 600 மீற்றர் கூட, முக்கால் மணித்தியாலத்தில்! பிள்ளைகளுக்கு நேரம் மிச்சம். அம்மாவின் நெஞ்சுக்கு அது மிச்சமில்லை. அதனால் வயதானவர்களைக் கூட்டிப்போனால் பழைய வழியே நல்லது என்பது என் எண்ணம்: லவுட்டர்புருனன், வெங்கன் வழியாக ரயிலிலேயே ஏறி, 2,061 மீற்றரிலுள்ள கிளைனே ஷைடெக் நிலையத்தில் இறங்கி, ஒரு தேத்தண்ணி குடித்து, அரைமணி இருந்துவிட்டு அடுத்த ரயிலைப் பிடியுங்கள். அரைமணியில் உடம்பு பழகிவிடாது, உண்மைதான். ஆனால் ஆள் எப்படி இருக்கிறார் என்று பார்க்கலாம். அங்கேயே நெஞ்சு இறுக்குகிறது, தலை சுற்றுகிறது என்றால் மேலே போக வேண்டியதில்லை என்று அங்கேயே தெரிந்துவிடும்.

விமானத்தில் போய் வந்தவர்களுக்கு இன்னொரு செய்தி. விமானம் பதினோராயிரம் மீற்றரில் பறந்தாலும் உள்ளே அமுக்கத்தைக் கூட்டி வைத்திருப்பார்கள். ஆனால் நிலத்து அளவுக்கு அல்ல. உள்ளே இருக்கும் காற்று ஏறத்தாழ 2,400 மீற்றர் உயரத்துக் காற்று வரை ஐதாகப் போகலாம். கட்டுநாயக்காவிலிருந்து சூரிச் வரை போன அம்மம்மா, கிட்டத்தட்ட பீதுருதாலகாலைக் காற்றில் பல மணித்தியாலம் இருந்துதான் போயிருக்கிறார். பயப்பட வேண்டாம் என்பதற்காக இதைச் சொல்கிறேன். ஆனால் அவர் அங்கே இருந்தது கதிரையில், விறுவிறுவென்று நடக்கவில்லை.

சரி, வயது என்பதே தடையா? இல்லை. மலைநோய் என்று சொல்லப்படும் தலையிடி, ஓங்காளம், களைப்பு, நித்திரையின்மை ஆகியவை வயது போனவர்களுக்குக் கூடுதலாக வரும் என்றில்லை. இளம் பெடியளும் சுருண்டு படுப்பார்கள். அது பெரும்பாலும் 2,500 மீற்றருக்கு மேலே போய்ச் சில மணித்தியாலங்கள் கழித்துத்தான் தொடங்கும். மேலே இரண்டு மணித்தியாலம் நின்றுவிட்டு இறங்கும் பயணிக்கு அது தொடங்குமுன்பே பயணம் முடிந்துவிடும். வயது போனவர்கள் பார்க்க வேண்டியது வயதையல்ல, வயதோடு கூடவந்த வருத்தங்களை. அண்மையில் மாரடைப்பு வந்தவர், கொஞ்சம் நடந்தாலே நெஞ்சு நோகிறவர், இதயம் பலவீனமாகிக் கால் வீங்குகிறவர், கடுமையான முட்டு (ஆஸ்துமா) அல்லது நாட்பட்ட சுவாச நோய் உள்ளவர், இரத்தம் மிகக் குறைந்தவர், பிரஷர் கட்டுப்பாட்டில் இல்லாதவர் ஆகியோர் ரிக்கற் வாங்குமுன் தங்கள் டொக்டரிடம் கேட்க வேண்டும். கேட்கும்போது 'மலைக்குப் போறம்' என்று மட்டும் சொல்லாதீர்கள். எத்தனை மீற்றர், எவ்வளவு நேரத்தில் ஏறுகிறது, மேலே எவ்வளவு நேரம் நிற்பீர்கள் என்று சொல்லுங்கள். நுவரெலியாவும் யுங்ஃபிராவும் ஒரே பதிலுக்குரியவை அல்ல.

வீட்டிலேயே ஒரு சின்னச் சோதனை செய்து பார்க்கலாம். இரண்டு மாடிப் படி நிற்காமல் ஏறி, மேலே போனதும் ஒரு முழு வசனம் பேச முடிகிறதா? முடிந்தால் நல்ல அறிகுறி. டொக்டரின் சோதனைக்கு ஈடில்லை, ஆனால் 'எனக்கு ஒண்டுமில்லை' என்று சொல்கிற அப்பாவுக்கு இது போதும்.

குளிசை விஷயத்தில் எங்கள் ஆட்களுக்கு ஒரு பழக்கம். சிறுநீர் போகும் குளிசை எடுக்கிறவர்கள், வழியில் கழிவறை தேட வேண்டிவரும் என்று பயண நாளில் அதை விட்டுவிடுவார்கள். தண்ணீரும் குடிக்க மாட்டார்கள். என் அம்மாவும் இதைச் செய்கிறவர்தான். மலைக்குப் போகும் நாளில் இது இரட்டைப் பிழை. குளிசையை நிறுத்துவதோ நேரத்தை மாற்றுவதோ டொக்டரைக் கேட்டுத்தான். மேலே காற்று காய்ந்தது, மூச்சும் கூடுகிறது. ஒவ்வொரு மூச்சோடும் உடம்பின் ஈரம் போகும். தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துக்கொண்டே இருங்கள். இதய, சிறுநீரக நோய்க்காகத் தண்ணீர் அளவு சொல்லப்பட்டவர்கள் அந்த அளவுக்குள். முட்டுக்கு இழுக்கும் பம்ப்பையும் இன்சுலினையும் கைப்பையில் போடாமல் உடுப்புக்குள் வையுங்கள். குளிரில் பம்ப் சரியாக வேலை செய்யாது. இன்சுலின் உறைந்தால் வீண்.

மேலே போய் இறங்கியதும் செய்ய வேண்டியது ஒன்றுதான்: ஒன்றும் செய்யாமல் இருப்பது. ஒரு கதிரை தேடி இருங்கள். பதினைந்து இருபது நிமிடம் காட்சியைப் பார்த்துக்கொண்டு மூச்சைத் தன்பாட்டில் ஓட விடுங்கள். அப்புறம் நடங்கள், யாழ்ப்பாணத்து நடையில் பாதி வேகத்தில். நடந்துகொண்டே பேச முடிய வேண்டும். பேச்சு அறுந்தால் வேகம் கூடிவிட்டது. யுங்ஃபிராவில் பனிக்கட்டிக் குகைக்கும், மின்தூக்கியில் ஏறும் ஸ்பிங்ஸ் மேடைக்கும் பிள்ளைகள் இழுத்துக்கொண்டு போவார்கள். இரண்டில் ஒன்றை விட்டால் ஒன்றும் குறையாது. எது என்று கேட்டால் குகையை விடச் சொல்வேன். மேடையில் இருந்து தெரிகிற அலெச் பனியாறு ஆல்ப்ஸ் மலைகளிலேயே நீளமானது, அதை விட்டுவிட்டுக் கீழே வரக்கூடாது.

கொரோனாக் காலத்தில் வாங்கிய, விரலில் மாட்டும் ஒக்சிசன் கருவி பல வீடுகளில் இருக்கிறது. சிலர் மலைக்கும் கொண்டுபோவார்கள். கொண்டுபோகலாம், ஆனால் எண்ணைப் பார்த்துப் பயப்படக் கூடாது. கொரோனா நேரம் 94க்குக் கீழே என்றால் ஆஸ்பத்திரி என்று பழகிவிட்டோம். 3,400 மீற்றரில் நல்ல சுகதேகிக்கே 90 அளவிலோ அதற்குக் கீழேயோ காட்டும்; அது அந்த உயரத்துக்கு வழமைதான். விரல் குளிர்ந்திருந்தால் கருவி தாறுமாறாகக் காட்டும். எண்ணைவிட ஆளைப் பாருங்கள்.

ஆளில் எதைப் பார்க்க வேண்டும்? நெஞ்சு நோ அல்லது இறுக்கம், இருந்து ஆறினாலும் அடங்காத இளைப்பு, உதடு நீலமாவது, தள்ளாடும் நடை, குழறும் பேச்சு, கேட்ட கேள்விக்குத் தொடர்பில்லாத பதில். இதில் ஒன்று கண்டாலும் நிலைய ஊழியர்களிடம் உடனே சொல்லி, அடுத்த ரயிலில் அல்லது வாகனத்தில் இறங்குங்கள். இருத்தி வைத்துப் பார்ப்போம், சாப்பிட்டால் சரியாகும் என்று நேரம் போக்க வேண்டாம். இறங்குவதுதான் மருந்து. சில நூறு மீற்றர் இறங்கினாலே பலருக்குத் தெளிவு வந்துவிடும். நெஞ்சு நோ என்றால் இறங்கி வந்தபின் மாறிவிட்டாலும் ஆஸ்பத்திரியில் காட்டத்தான் வேண்டும்.

அவ்வளவு காசு கொடுத்து வந்து பாதியில் திரும்புவதா என்று மனம் வராது. அப்பர் சுவாமிகள் தள்ளாத வயதில் கயிலைக்குப் புறப்பட்ட கதை எங்களுக்குத் தெரியும். கால் தேய நடந்து, கையால் தவழ்ந்து, நெஞ்சால் ஊர்ந்து, கடைசியில் உருண்டுகூடப் போனார். அவரையே 'இந்த உடம்போடு அங்கே போக முடியாது, திரும்பிப் போ' என்றுதான் முனிவர் வடிவில் வந்தவர் சொன்னார். பொய்கையில் மூழ்கியவர் எழுந்தது திருவையாற்றில்; கயிலைக் காட்சியும் அங்கேயே கிடைத்தது.

கயிலை என்றதும் நினைவு வந்தது. யுங்ஃபிராவ் மாதிரி ஏறி இறங்கும் பயணம் வேறு, உயரத்தில் இரவு தங்கும் பயணம் வேறு. மானசரோவர் ஏரி 4,500 மீற்றருக்கும் மேலே இருக்கிறது. லடாக்கின் லே நகரம் ஏறத்தாழ 3,500. அங்கே நித்திரை கொள்ளும்போது மூச்சு இன்னும் தணியும், மலைநோய் வந்து ஏறும். அந்தப் பயணங்களுக்குப் படிப்படியாக ஏறும் நாள்கணக்கு வேண்டும், தேவைப்பட்டால் டொக்டர் எழுதித் தரும் தடுப்புக் குளிசையும் வேண்டும். அதை ஒரு பந்தியில் அடக்க முடியாது.

மலையைத் தெரிவு செய்வதிலும் கொஞ்சம் புத்தி பாவிக்கலாம். இதயம் அவ்வளவு சரியில்லை, ஆனால் பனிமலை பார்க்க ஆசை என்றால் 3,454 மீற்றர்தான் வேண்டும் என்றில்லை. ரிகி உச்சி 1,800 மீற்றருக்குச் சற்றுக் குறைவு, நுவரெலியாவைவிடப் பதிவு. பல்சக்கர ரயில் உச்சிக்குப் பக்கத்திலேயே விடும், தெளிந்த நாளில் ஆல்ப்ஸ் மலைகள் வரிசையாகத் தெரியும். பிலாட்டுஸ் 2,100 மீற்றர் அளவில். 1889இல் திறந்த அதன் ரயில், பல்சக்கர ரயில்களில் உலகிலேயே செங்குத்தானது. பனிமலையில் நிற்பதைவிடப் பனிமலையைப் பார்ப்பதுதான் அழகு என்பது என் கட்சி. மேலே போய் நின்றால் காலடியில் இருக்கிற மலை தெரியாது.

இலங்கையிலும் அப்படித்தான். ரயிலில் உயரம் பார்க்க ஆசை என்றால் நானுஓயா தாண்டி பட்டிப்பொல நிலையம் வரை போங்கள். ஏறத்தாழ 1,890 மீற்றர், நாட்டின் உயரமான அகலப்பாதை நிலையம். பீதுருதாலகாலை உச்சியில் ஒளிபரப்புக் கோபுரமும் பாதுகாப்பு நிலையமும் இருக்கின்றன. நடந்து ஏற விடமாட்டார்கள், வாகனத்தில்தான் போக வேண்டும். அடையாள அட்டை கொண்டுபோங்கள், அன்றைக்குப் பாதை திறந்திருக்கிறதா என்று நுவரெலியாவில் விசாரித்துவிட்டு ஏறுங்கள். காலையிலேயே போவது நல்லது. பின்னேரமானால் முகில் மூடி, பார்க்க வந்ததற்கு வெள்ளைச் சுவர்தான் மிச்சம்.

வளைவுகளில் சத்தி வருகிறவர்களை முன்சீற்றில் இருத்தி, தூரத்து வீதியைப் பார்க்கச் சொல்லுங்கள். ஃபோனைப் பார்க்க விடாதீர்கள். காது அடைத்தால் இனிப்பு ஒன்றை வாயில் போட்டு விழுங்கிக்கொண்டிருக்கலாம். தடிமன் உள்ளவர்களுக்கு இறங்கும்போது காதுநோ கூட வரும். யாழ்ப்பாணத்துச் சாரதிகள் ஏ-9 வீதியில் சூரர்கள். மலை இறக்கத்தில் பிரேக்கிலேயே கால் வைத்திருந்தால் அது சூடேறிப் பிடிக்காமல் போகும், சின்னக் கியரில் இறங்க வேண்டும். பழக்கமில்லாதவர் என்றால் உச்சிக்கு மட்டும் ஊர்க்காரர் ஒருவரின் வாகனத்தைப் பிடியுங்கள். நுவரெலியா இரவுக் குளிருக்கு, மூடிய அறைக்குள் கரிச்சட்டி மட்டும் வைக்காதீர்கள். அதிலிருந்து வரும் மணமில்லாத நச்சு வாயு நித்திரையிலேயே ஆளை முடித்துவிடும்.

பெரியப்பா அன்றைக்கு வானின் படியில் கால்மணித்தியாலம் இருந்தார். பிறகு எழுந்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, கோயில் வீதி சுற்றுவதுபோல ஆறுதலாக ஒரு சுற்று வந்தார். ஒரு போத்தல் தண்ணீரைக் குடித்து முடித்து, வெற்றுப் போத்தலை எறிய இடமில்லாமல் இறுக்கி மூடித் திரும்பக் கொண்டுவந்தார். கண்டிக்கு வரும்போதே அது இரண்டு பக்கமும் ஒடுங்கியிருந்தது. யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தபோது, யாரோ கையால் நசுக்கியதுபோல மடிந்து கிடந்தது. விறாந்தையில் இருந்து அவர் மூடியைத் திருக, 'உஸ்' என்று ஒரு சத்தம். போத்தல் நிமிர்ந்தது.

"பார், எங்கட காத்து உள்ள போகுது" என்றார்.